ஊஸோ முதல் அயரான் வரை: கிழக்கு மத்தியதரைக் கடல் பானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் வேலையாகச் சில ஆண்டுகள் ஏதென்ஸை ஒட்டிய பிரேயுஸ் துறைமுகத்தில் இருந்தேன். அன்றிலிருந்து ஏதென்ஸுக்கோ இஸ்தான்புல்லுக்கோ போகிற நண்பர்களும் உறவினர்களும் கிளம்புவதற்கு முதல் நாள் எனக்குத் தொலைபேசி செய்வது வழக்கமாகிவிட்டது. கேட்பது பெரும்பாலும் கோயில்களையும் அருங்காட்சியகங்களையும் பற்றியல்ல. அங்கே மேஜைக்கு வருகிற கோப்பைகளைப் பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதிவைத்தேன். கேள்விகள் ஏறக்குறைய அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. மது தொடாதவர்களுக்கும் இதில் கொஞ்சம் சரக்கு உண்டு.

ஊஸோ, ரக்கி, அரக், சிப்புரோ என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானே?

ஒரே குடும்பம், ஆனால் ஆட்கள் வேறு. துருக்கியின் ரக்கியும் லெபனான், சிரியா பக்கத்து அரக்கும் திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தை அனிஸ் விதையோடு மறுபடி வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தில், வடித்து எடுப்பவை. அனிஸ் நம் சோம்புக்கு உறவுக்காரி, வாசனையும் அதேதான். கிரேக்கத்தின் ஊஸோவுக்கு அடிப்படைச் சாராயம் திராட்சையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனிஸோடு கொத்தமல்லி விதை, பெருஞ்சீரகம் என்று ஒவ்வொரு வடிப்பாளரும் ஒரு கைப்பக்குவம் வைத்திருப்பார். ஐரோப்பியச் சட்டப்படி ஊஸோ என்ற பெயரைக் கிரேக்கமும் சைப்ரஸும் மட்டுமே போட்டுக்கொள்ளலாம், குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். லெஸ்போஸ் தீவிலுள்ள ப்ளோமாரி இதற்குப் பேர்போன ஊர்.

சிப்புரோ வேறு வகை. ஒயினுக்குப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற திராட்சைச் சக்கையைப் புளிக்கவைத்து வடிப்பது. அனிஸ் சேர்த்தும் கிடைக்கும், சேர்க்காமலும் கிடைக்கும். கிரீட் தீவில் இதே சக்கைச் சாராயத்தை அனிஸே இல்லாமல் வடித்து, சிக்குதியா அல்லது ரக்கி என்கிறார்கள். குழப்பம் இங்கேதான். இஸ்தான்புல்லில் ரக்கி கேட்டால் சோம்பு வாசனை வரும். கிரீட்டில் ரக்கி கேட்டால் வராது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீர் ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்துவிட்டது. கெட்டுப்போன சரக்கா?

இல்லை, அப்படித்தான் வெளுக்க வேண்டும். அனிஸ் வாசனைக்குக் காரணமான எண்ணெய்ப் பொருளின் பெயர் அனெத்தோல். அது ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. பாட்டிலில் ஆல்கஹால் அதிகமாக இருப்பதால் கண்ணாடி போல் தெளிவாகத் தெரிகிறது. தண்ணீர் சேர்ந்து ஆல்கஹாலின் வீதம் குறைந்ததும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கலக்கிவிடாமலேயே அந்தக் கலங்கல் நெடுநேரம் அப்படியே நிற்பது வேதியியல்காரர்களுக்கு ஒரு சுவையான புதிர். ‘ஊஸோ விளைவு’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

துருக்கியில் ரக்கிக்குச் ‘சிங்கப்பால்’ என்று செல்லப்பெயர் இருப்பதும் இந்த வெளுப்பால்தான். அனிஸ் சேராத சிப்புரோவும் கிரீட் ரக்கியும் இப்படி வெளுக்காது. அதைப் பார்த்து ‘போலி’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஐஸை முதலில் போடலாமா?

வேண்டாம். முதலில் சாராயம், பிறகு தண்ணீர், கடைசியில் ஐஸ். வெறும் ஊஸோவிலோ அரக்கிலோ ஐஸைப் போட்டால் அனெத்தோல் குளிரில் படிகமாகி மேலே ஆடை போல் மிதக்கும். லெபனானில் இதில் மிகவும் கறாராக இருப்பார்கள். ஒரு பங்கு அரக்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று கணக்கு. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் புதுக் கோப்பை. பழைய கோப்பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஆடையும் சுவையைக் கெடுக்கும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

இதை எப்படிக் குடிப்பது? ஒரே மடக்கா?

நான் அப்படித்தான் தொடங்கினேன். பிரேயுஸில் முதல் வாரம், காலிவயிற்றில், தண்ணீர் சேர்க்காமல், ஒரே மடக்கு. பரிமாறிய மூதாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். ரொட்டி, ஆலிவ், உப்பு நெத்திலி வைத்த ஒரு தட்டோடு திரும்பி வந்தார். நான் தின்னும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டுத்தான் கோப்பையைத் திருப்பித் தந்தார், இந்த முறை பாதிக்கு மேல் தண்ணீரோடு. அந்தக் கடற்கரை முழுவதற்குமான விதி அந்தத் தட்டில் இருந்தது. தட்டு இல்லாமல் கோப்பை இல்லை. கிரேக்கத்தில் மெஸே, துருக்கியில் மெஜே, லெபனானில் மஸ்ஸா. சொல்லும் ஒன்றுதான், பழக்கமும் ஒன்றுதான்.

இந்த விதியை முழுமையாகப் பார்க்க விரும்பினால் வோலோஸ் துறைமுகத்துக்குப் போங்கள். அங்கே சிப்புரோ கடைகளில் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: “மே? ஹோரிஸ்?” ‘சேர்த்தா, சேர்க்காமலா’ என்று பொருள், அனிஸைத்தான் கேட்கிறார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சின்னக் குப்பி வரும், கூடவே ஒரு தட்டும் வரும். தட்டில் என்ன இருக்கும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அது சமையல்காரரின் உரிமை. முதல் சுற்றில் ஊறுகாய்க் காய்கள், இரண்டாவதில் பொரித்த பொடி மீன், மூன்றாவதில் கரியில் சுட்ட பேய்க்கணவாய் என்று தட்டு ஏறிக்கொண்டே போகும். 1922 இல் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதிகளாக வந்த கிரேக்கர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வளர்த்த பழக்கம் இது. நல்ல தட்டுக்கு ஆசைப்பட்டுக் குப்பிகளை எண்ண மறந்துவிடுகிற ஆபத்தும் இதில் இருக்கிறது.

அரக் என்றால் இலங்கையில் விற்கிற அரக்குதானே?

சொல் ஒன்று, பொருள் வேறு. அரபியில் ‘அரக்’ என்றால் வியர்வை. வாலையின் மேற்புறத்தில் ஆவி குளிர்ந்து முத்து முத்தாக வழிவது வியர்வை போல் இருப்பதால் வந்த பெயர். துருக்கியின் ‘ரக்கி’யும் இதே சொல்லிலிருந்து வந்தது என்றே பலர் கருதுகிறார்கள். வணிகர்களோடு அந்தச் சொல் கிழக்கே பயணப்பட்டு, போன இடத்தில் எது வடிக்கப்பட்டதோ அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்தார்கள், அது அரக்கு ஆனது. ஜாவாவில் கரும்புப் பாகில் வடித்ததற்கும் அதே பெயர். பெய்ரூத்தில் இலங்கை அரக்கை நினைத்துக்கொண்டு கேட்டீர்களானால் சோம்புத் தண்ணீர் வந்து நிற்கும்.

ரெட்சினா ஒயின் வாங்கினேன். வார்னிஷ் வாசனை அடிக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்; சிரிப்பார்கள். ரெட்சினா என்பதே பைன் பிசின் சேர்த்த வெள்ளை ஒயின்தான். மண்சாடிகளில் ஒயின் வைத்த காலத்தில் சாடியின் உட்புறத்தையும் வாயையும் பிசின் பூசி அடைப்பார்கள். சாடிகள் போய்ப் பீப்பாய்கள் வந்துவிட்டன, ஆனால் பழகிய நாக்கு பிசினை விடவில்லை. இப்போது சாறு புளிக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் பிசின் போட்டுப் பிறகு எடுத்துவிடுகிறார்கள். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அத்திக்கா பகுதியில் விளையும் சவாத்தியானோ திராட்சைதான் பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது.

தனியாகக் குடித்தால் எனக்கும் பிடிக்காது. பூண்டு அரைத்த துவையலோடும் பொரித்த மீனோடும் வந்தால் கதை வேறு; அந்த எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்கு வேறு எந்த ஒயினும் இதற்கு ஈடில்லை. வடக்கே தெசலோனிக்கியில் சோடா பாட்டில் மூடி போட்ட அரை லிட்டர் ரெட்சினாவில் கோலா கலந்து குடிப்பவர்களைப் பார்க்கலாம். முகம் சுளிக்க வேண்டாம், அது உள்ளூர் வழக்கம்.

பிசின் இல்லாத நல்ல கிரேக்க ஒயின் எது? பாட்டிலில் பெயரைப் படிக்கவே முடியவில்லை.

மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும். சிவப்பில், தெற்கே நெமேயா ஊரின் ‘அயோர்யித்திக்கோ’. புனித ஜார்ஜின் திராட்சை என்று பொருள். மென்மையானது, புதியவர்களுக்கு ஏற்றது. வடக்கே நௌசாவின் ‘க்ஸினோமாவ்ரோ’. பெயரை அப்படியே பெயர்த்தால் ‘புளிப்புக் கருப்பு’. பெயருக்குத் துரோகம் செய்யாத ஒயின். புளிப்பும் துவர்ப்பும் அதிகம், ஆட்டிறைச்சியோடு நன்றாகப் போகும்.

வெள்ளையில், சாந்தோரினி தீவின் ‘அசிர்த்திக்கோ’. இதைக் குடிக்காவிட்டாலும் இதன் கொடியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பந்தல் கிடையாது. கொடியை வளைத்து வளைத்துத் தரையோடு ஒரு கூடை போலப் பின்னிவிடுகிறார்கள், காய்கள் அந்தக் கூடைக்குள் தொங்குகின்றன. மழை மிகக் குறைவு, கடற்காற்றோ தோலை உரிக்கும். கூடை காற்றைத் தடுத்து, இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபில்லாக்சரா பூச்சியால் இந்த எரிமலை மண்ணில் பிழைக்க முடியவில்லை. ஆகவே மிகப் பழைய வேர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சுவையில் எலுமிச்சையும் உப்பும் தெரியும். விலை கொஞ்சம் அதிகம், காரணம் அந்தக் கூடையைப் பார்த்தால் புரியும்.

துருக்கி, லெபனான் எல்லாம் முஸ்லிம் நாடுகள் அல்லவா? அங்கே ஏது ஒயின்?

இஸ்லாம் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே திராட்சை அங்கே இருந்தது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில், பால்பெக்கில், ரோமானியர்கள் மது தெய்வமான பாக்கஸுக்குக் கட்டியதாகக் கருதப்படும் கோயில் இன்றும் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. லெபனானில் கிறிஸ்தவர்கள் கணிசமாக உண்டு. 1857 இல் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கிய ‘ஷாத்தோ க்ஸாரா’ ஒயின் நிறுவனம் இன்றும் அதே பள்ளத்தாக்கில் நடக்கிறது.

‘ஷாத்தோ முஸார்’ என்ற இன்னொரு நிறுவனத்தின் கதை எனக்குப் பிடித்தது. தோட்டம் பெக்காவில், ஒயின் தயாரிக்கும் இடம் மலைக்கு இந்தப் பக்கம் கடலோரமாக. 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். ஒவ்வோர் ஆண்டும் திராட்சை லாரிகள் போர்முனைகளைத் தாண்டி வர வேண்டும். 1976 இல் முடியவே இல்லை, அந்த ஆண்டு ஒயின் கிடையாது. 1984 இல் லாரிகள் சுற்றுவழியில் மாட்டிக்கொண்டு, வந்து சேர்வதற்குள் திராட்சை புளிக்கத் தொடங்கிவிட்டது.

துருக்கியில் மது சட்டப்படி கிடைக்கும், ஆனால் வரி கடுமை. 2013 முதல் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை கடைகளில் விற்கக் கூடாது. உணவகத்தில் அந்தத் தடை கிடையாது.

சைப்ரஸில் கமாண்டாரியா என்று ஒன்று கொடுத்தார்கள். பாயசம் போல் தித்திக்கிறதே?

பழங்களைக் கொடியிலிருந்து பறித்து வெயிலில் காயப்போட்டு, ஏறக்குறைய உலர்திராட்சை ஆன பிறகு பிழிவதால் அந்தத் தித்திப்பு. த்ரூதோஸ் மலையின் தெற்குச் சரிவிலுள்ள 14 கிராமங்களுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரிமை. சிலுவைப் போர்க் காலத்தில் போர்வீரத் துறவியர் கொலோசி கோட்டையைச் சுற்றி நடத்திய நிர்வாகப் பகுதியின் பெயர்தான் ஒயினுக்கு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கோப்பையில் குடிப்பது. பாட்டிலைத் திறந்ததும் தீர்க்க வேண்டிய அவசரம் இல்லை.

நான் மது தொடுவதில்லை. எனக்கு அங்கே வெறும் தண்ணீர்தானா?

உங்களுக்குத்தான் தேர்வு அதிகம். துருக்கியில் அயரான் கேளுங்கள். தயிரைத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கடைந்து நுரையோடு தருவார்கள். கறிவேப்பிலையும் பெருங்காயமும் இல்லாத நம் மோர். டமாஸ்கஸில் பித்தளைப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு தெருவில் விற்பவர்களிடம் ‘தமர் ஹிந்தி’ கிடைக்கும். ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள். குடித்தால் நம் புளிப் பானகம். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் அதற்குக் கிராக்கி அதிகம். குளிர்காலத்தில் சாலெப்: ஒருவகை ஆர்க்கிட் செடியின் கிழங்கை மாவாக்கிப் பாலில் காய்ச்சி மேலே பட்டைத்தூள். கிழங்கு தோண்டித் தோண்டி அந்தச் செடி அருகிவருவதால் அசல் மாவு இன்று அரிது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் மாவுச்சத்துக் கலவை.

போஸா மட்டும் கவனம். தானியத்தைப் புளிக்கவைத்துக் கூழ் பதத்தில் தருவது, மேலே பட்டைத்தூளும் வறுத்த கொண்டைக்கடலையும். இஸ்தான்புல்லின் வேஃபா பகுதியில் 1876 முதல் நடக்கும் கடை புகழ்பெற்றது. பார்க்க நம் கம்பங்கூழ், ஆனால் புளிப்பதால் சொற்ப அளவில் ஆல்கஹால் இருக்கும். அறவே கூடாது என்பவர்கள் தவிர்த்துவிடலாம்.

ஏதென்ஸில் துருக்கிக் காபி கேட்டேன், முகம் மாறிவிட்டது. ஏன்?

பொடியோடு சேர்த்துச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் கொதிக்கவைக்கும் அதே காபிதான். கிரேக்கத்திலும் ஒரு காலத்தில் அதைத் துருக்கிக் காபி என்றுதான் சொன்னார்கள். 1974 இல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கிய பிறகு ‘கிரேக்கக் காபி’ என்பது நிலைத்துவிட்டது. எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், வம்பில்லை.

சர்க்கரையைப் பிறகு சேர்க்க முடியாது, முன்பே சொல்ல வேண்டும்: ‘ஸ்கெத்தோ’ என்றால் சர்க்கரை இல்லை, ‘மெத்ரியோ’ என்றால் அளவாக, ‘கிளிக்கோ’ என்றால் இனிப்பாக. கூடவே ஒரு குவளைத் தண்ணீர் வரும். அடியில் நிற்கும் மண்டியைக் குடிக்காதீர்கள். நம்மவர்கள் பாதிப் பேர் செய்கிற தவறு அது. வெயிலில் எல்லோர் கையிலும் இருக்கும் நுரைக் குளிர்காபி ஃப்ராப்பே. 1957 தெசலோனிக்கிக் கண்காட்சியில் வெந்நீர் கிடைக்காத ஒரு விற்பனையாளர் உடனடிக் காபித்தூளைக் குளிர்ந்த நீரில் குலுக்கிக் குடித்ததில் பிறந்தது.

மஸ்திஹா என்று ஒரு மது கொடுத்தார்கள். இந்த வாசனை எங்கேயோ தெரிந்த வாசனையாக இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் தெரிந்த வாசனைதான். அங்கே ‘ரூமி மஸ்தகி’ என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதே பிசின். கியோஸ் தீவின் தெற்குப் பகுதியில் ஒரு குட்டை மரத்தின் பட்டையைக் கீறினால் கண்ணீர் போல் வடியும். அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு மண் தூவிவைத்து, உதிர்ந்து இறுகியதைப் பொறுக்கிச் சுத்தம் செய்கிறார்கள். அதில் செய்த இனிப்பு மது அது. அதே பிசினைச் சூயிங்கம்மாகவும் மெல்லுவார்கள், ரொட்டியிலும் போடுவார்கள். ‘ரூமி’ என்ற அடைமொழி ரோமப் பேரரசின் நாட்டைக் குறிப்பது. அரபு, யுனானி மருத்துவ வழியாக நம் கடைவரை வந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றினால் வெளுக்கிறது என்றால் அசல் சரக்கு என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. இரண்டாவது பதிலில் சொன்னபடி, வெளுப்பு காட்டுவது அனெத்தோல் இருப்பதை மட்டும். மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த போலியும் அழகாகவே வெளுக்கும். துருக்கியில் வரி ஏற ஏற, வீட்டில் கலப்பதும் போலி பாட்டிலும் பெருகின. 2025 தொடக்கத்தில் இஸ்தான்புல்லிலும் அங்காராவிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் கள்ளச் சாராயத்தால் இறந்தார்கள். 2024 கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முத்திரை உடையாத பாட்டில், வரிப்பட்டை, நம்பிக்கையான கடை, இவ்வளவுதான் பாதுகாப்பு. வழக்கத்துக்கு மாறாக மலிவாகத் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். குடித்த பல மணி நேரம் கழித்து, மறுநாள்கூட, கண் மங்கினால் தூங்கப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். கிரீட் கிராமங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாலையடியிலேயே விருந்து நடக்கும். சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு, மாதுளை, சுடச்சுட ரக்கி. அங்கே எனக்குப் பயம் இருந்ததில்லை, வடிப்பவரும் அதைத்தான் குடிக்கிறார். முதலில் வடிகிற பகுதியை அவர் ஒதுக்கிவைப்பதையும் கண்ணால் பார்க்கலாம்.

சங்க காலத்தில் யவனர் கொண்டுவந்த மது இந்த ஒயின்தானா?

நாடு அதுதான், சுவை இது அல்ல. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். கலம் என்றால் கப்பலும் ஆகும், குடுவையும் ஆகும்; எப்படிப் படித்தாலும் சரக்கு கடல்கடந்துதான் வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளும், அவற்றைப் பார்த்து இத்தாலியில் செய்தவையும் இருக்கின்றன. கோஸ் சாடியை அடையாளம் காண்பது சுலபம்: கைப்பிடி இரண்டு மண் குச்சிகளைச் சேர்த்து ஒட்டியது போல் இருக்கும். அதே காலத்துக் கிரேக்க வணிகக் கையேடு ஒன்று, சேரநாட்டு முசிறிக்குப் போகும் சரக்குகளில் ஒயினையும் சேர்த்து, ‘அதிகமில்லை’ என்று குறிக்கிறது.

கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். உரோமானியரான கேட்டோ அதற்குச் செய்முறையே எழுதிவைத்திருக்கிறார்: அறுவடைக்கு 70 நாள் முன்பு, காற்றில்லாத நாளில், நல்ல தண்ணீர் வந்து சேராத ஆழ்கடலிலிருந்து நீர் எடுக்க வேண்டும். குடிக்கும்போது மறுபடி நல்ல தண்ணீர் கலப்பார்கள். பழங்கிரேக்க விருந்துகளில் அகன்ற பெரும் சாடியில் ஒயினையும் நீரையும் கலந்துதான் முகந்து ஊற்றினார்கள். கலக்காமல் குடிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று எண்ணினார்கள். இன்றைய கிரேக்கத்தில் ஒயினுக்குப் பெயர் ‘க்ரசி’. ‘கலப்பு’ என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. பிரேயுஸில் என் கோப்பையைப் பறித்த மூதாட்டி புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்த ஊஸோவை ஃபிரீசரில் வைத்தேன். உள்ளே கண்ணாடித்தூள் போல ஏதோ மிதக்கிறது. கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள். மூன்றாவது பதிலில் சொன்ன அதே படிகம்தான், இந்த முறை பாட்டிலுக்குள்ளேயே. ஃபிரீசரிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்குச் சீக்கிரமே கரைந்து தெளிந்துவிடும்.